ஓனர் விட்ட ஒற்றை ஆணி

ஜீவனஹள்ளியில் அந்த மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே, வீட்டு ஓனர் அசோகன் ஹாலின் பெரிய சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சது. இந்தச் சுவத்துல ஒரே ஒரு ஆணி இருக்குது. கேலண்டர் மாட்டுங்க, போட்டோ மாட்டுங்க, என்னா வேணா மாட்டிக்கோங்க. இன்னொரு ஆணி மட்டும் பேடா, அடிக்கக் கூடாது."

ஜெனிஃபர் சரியென்று தலையாட்டினாள். சோபாவுக்கு மேலே, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே, அந்த ஆணி தன்னந்தனியாக நின்றது. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் கண்ணில் படுகிற இடம். ஒரு வருஷமாக அதில் சர்ச் கேலண்டர்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு எதையாவது மாட்டக்கூடாது, மனசுக்குப் பிடித்த ஒன்று கிடைக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். இருப்பது ஒரு ஆணி, அது தன் ஆணி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் குடும்பத்து ஆண்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை.

முதலில் அவள் அப்பா மைக்கேல்ராஜைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காக்ஸ் டவுனில் மைக்கேல்ராஜ் வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். வெர்னியர்க்காரர் வீடு என்று கேட்டால் சர்ச் வாசலில் பூ விற்கிற அம்மாகூட வழி சொல்லும். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். செய்து வருகிற சாமான்களை அளந்து பார்த்து, நல்லதை அனுப்பி, கெட்டதைத் தள்ளுகிற வேலை. ரிட்டயர் ஆகும்போது வேலையை விட்டுவிட்டு வந்தார், வெர்னியரை விடவில்லை. மயிரிழைக் கனத்தையும் அளந்து சொல்லும் அந்த எஃகுக் கருவி, கோயிலுக்குப் போகும்போதும் சட்டைப்பையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அவர் அகராதியில் மூன்றே சொற்கள். பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட். பாஸானதன் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் 'ஓகே' என்று எழுதி, எம்.ஆர். என்று கையெழுத்துப் போடுவார். வீட்டு பிரஷர் குக்கருக்கு அடியில் அந்தக் கையெழுத்து உண்டு. கோத்ரேஜ் பீரோவின் முதுகில் உண்டு. ஜெனிஃபருக்குத்தான் கிடைத்ததே இல்லை. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கி வந்தால், "மிச்சம் நாலு எங்கே? ரீவொர்க்" என்பார். அவள் சுட்ட முதல் சப்பாத்தியை வெர்னியரில் வைத்து, ஒரு ஓரம் கனம் என்றார். குணசேகரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு அவர் சொன்னதும் அதேதான்.

"ரீவொர்க்."

குணசேகர் கோலார் தங்கவயல்காரன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. மாமனார், மருமகன் இரண்டு பேருமே அடுத்தவர் வேலையில் குற்றம் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள். அவர்கள் ஒத்துப்போகாததற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

தசரா லீவு ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்பாவும் அம்மாவும் சாப்பிட வந்தார்கள். அப்பாவின் கக்கத்தில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு பெரிய சாமான். அம்மா மௌரீன் தேவைக்கு அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன சாமான் என்று ஜெனிஃபருக்குத் தெரிந்துபோயிற்று.

பெட்ஷீட்டைப் பிரித்தால், அதேதான். அப்பா ஜெனரல் மேனேஜரிடம் ஷீல்டு வாங்குகிற போட்டோ. ஒரு சாமான்கூடத் திரும்பி வராத வருஷத்துக்காகக் கொடுத்த ஷீல்டு. பெரிய மீசை, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முறைக்கிற கண்கள், சுற்றிலும் வெள்ளை அட்டை, தேக்கு ஃப்ரேம். ஜெனிஃபர் சின்ன வயசு முழுக்க அந்தக் கண்களுக்குக் கீழேதான் சாப்பிட்டாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் அது பார்த்துவிடும்.

"நம்ம வீட்ல எல்லாரும் பாத்தாச்சு. இங்க மாட்டிக்கோ ஜென்னி. நாலு பேரு வந்து போற வீடு" என்றார் அப்பா.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்பது போல இருந்தாள். இரண்டு வருஷமாக அந்தப் போட்டோவை வீட்டை விட்டு அனுப்ப அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

குணசேகர் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. அந்த ஆணிக்கு வேற பிளான் இருக்குது. எங்க கல்யாண போட்டோவைப் பெருசா பிரின்ட் போட்டு மாட்டப் போறேன்."

"எந்த ஸ்டுடியோவுல?"

"வீட்லயே. பெரிய பிரின்டர் வாங்கியிருக்கேன்."

ஜெனிஃபருக்கு அந்தப் பிரின்டர் கதை தெரியும். கனடா போகிற சினேகிதன் ஒருத்தனிடமிருந்து அவன் வாங்கி வந்த பிரின்டர், படுக்கையறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவன் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிற போட்டோ எது என்றும் அவளுக்குத் தெரியும். அதில் குணசேகர் ராஜகுமாரன் மாதிரி ஜொலிப்பான். பக்கத்தில் அவள், வாய் நிறைய கல்யாண கேக்கை அடைத்துக்கொண்டு, ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து நிற்பாள். வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டாள். "இயல்பா இருக்குது ஜெனி" என்று மூன்று தரமும் பதில் வந்தது. அவன் மட்டும் ஏன் இயல்பாக இல்லாமல் அழகாக இருக்கிறான் என்பதற்குப் பதில் வரவில்லை.

அப்பா சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "வீட்ல போட்டா படத்தச் சுத்தி வர்ற வெள்ளை ஓரம் ஒழுங்கா வராது மாப்ளே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு இருக்கும். ஸ்டுடியோக்காரன் போட்டதப் பாரு."

"வரும் மாமா. அதெல்லாம் செட்டிங்தான்."

"வராது."

"வரும். அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களே அளந்து பாருங்க. நாலு பக்கமும் ஓரம் ஒண்ணா இருந்தா ஆணி எனக்கு."

"இல்லாட்டி எனக்கு" என்றார் அப்பா.

இப்படியாக, ஜெனிஃபரின் ஆணியை அவள் கண்ணெதிரிலேயே, அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடுவாள். இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வித்தை பழக்கம்.

"வாய்ப்பேச்சா இருந்தா அப்புறம் சண்டை வரும் டாடி. நான் எழுதிடறேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்று பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். உருண்டை உருண்டையான கையெழுத்தில் எழுதினாள்:

'ஹால் ஆணியில் ஏறும் போட்டோ எதுவாக இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும், நாலு பக்க ஓரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிஜெக்ட். அளப்பவர் எம். மைக்கேல்ராஜ். அவர் சொல்வதே முடிவு.'

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். 'அவர் சொல்வதே முடிவு' என்ற இடத்தில் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்படித்தான் எழுதணும்" என்று கையெழுத்துப் போட்டார். குணசேகரும் போட்டான். தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது. ஷீல்டு போட்டோவை அப்பா சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். "இங்கயே கிடக்கட்டும். எப்படியும் இங்கதான ஏறப்போவுது."

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி கேபிலிருந்து இறங்கினதும், குணசேகர் காபிகூடக் குடிக்காமல் பிரின்டரைப் போட்டான். முதல் தாள் வந்தது. மேலே ஓரம் எட்டு மில்லி, கீழே இருபது.

"நடுவுல வைன்னுதான டிக் பண்ணியிருக்கேன்!" என்று பிரின்டரைப் பார்த்து நியாயம் கேட்டான்.

இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு விளக்கமும் சொன்னான். தாளின் வால் பக்கத்தை ரோலர் கடைசிவரை பிடித்திருக்க வேண்டுமாம். அதனால் அந்தக் கடைசித் துண்டில் மை போட முடியாதாம். பிரின்டர் மிச்சமிருக்கிற இடத்தைத்தான் முழுத்தாள் என்று நினைத்துக்கொண்டு அதற்கு நடுவில் படத்தை வைக்கிறதாம்.

"அதும் மேல தப்பில்ல ஜெனி. அது நம்பறது அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை அவன் பிரின்டரிடம் பொய் சொன்னான். தாள் இன்னும் நீளம் என்று செட்டிங்கில் எழுதினான். மேலேயும் கீழேயும் சரியாக வந்தது, இடது பக்கம் பன்னிரண்டு, வலது பக்கம் பதினாலு. புதன்கிழமை இடது வலதைச் சரி செய்தான், மேல் கீழ் கலைந்துபோயிற்று. கடைசியில் பாக்கெட்டில் இருக்கிற தாள்களே ஒன்றுக்கொன்று அரை மில்லி கூடக் குறைய இருப்பதைக் கண்டுபிடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். வாயில் கேக்கோடு ஏழெட்டு ஜெனிஃபர்கள் கட்டில்மேல் காய்ந்துகொண்டிருந்தார்கள். படுப்பதற்குமுன் தன்னையே எடுத்து அடுக்கி வைக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

பாவமாக இருந்ததால் ஒரு யோசனை சொன்னாள். "பெரிய தாள்ல எங்கயாச்சும் போட்டுட்டு, அப்புறம் சுத்திலும் அளந்து வெட்டிட்டா என்னா?"

குணசேகர் அவளைக் கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "வெட்டறதா? கத்தி எடுத்தா தோத்த மாதிரி. செட்டிங்லயே வரணும்."

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை காலையில் அவன் கேப் தெருமுனையைத் திரும்பினதும், ஜெனிஃபர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரின்டரைப் போட்டாள்.

அவள் போனில் ஒரு போட்டோ இருந்தது. ஈஸ்டர் அன்று பிரியாணிக்குப் பிறகு எடுத்தது. யாருக்கும் காட்டியதில்லை. காட்டினால் அழித்துவிடச் சொல்வார்கள். அதைத் தாளைவிடச் சின்னதாக, பத்துக்குப் பதினைந்து அங்குலத்தில் போட்டாள். நடுவில் வருகிறதா, ஓரமாக வருகிறதா என்று பார்க்கவே இல்லை. ஒரு பக்கம் தள்ளி, லேசாகச் சாய்ந்துகூட வந்தது. வரட்டும். காய்ந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய அட்டையைப் போட்டு அதன்மேல் வைத்தாள். படத்தின் விளிம்பிலிருந்து வெளியே ஒரு அங்குலம் அளந்து, நாலு மூலையிலும் ஊசியால் புள்ளி குத்தினாள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து பிளேடால் இழுத்தாள். வகுப்புச் சுவருக்கு வருஷத்துக்கு நூறு சார்ட் வெட்டுகிறவள். முதல் தாளில் பிளேடு வழுக்கியது. இரண்டாவது தாள் வெண்ணெய் மாதிரி வந்தது.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. குணசேகர் தாளை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை நகர்த்தப் பார்த்தான். அவள் படத்தை விட்டுவிட்டுத் தாளை நகர்த்தினாள். தைக்கிறவர்கள் ஆளைப் பார்த்துத்தான் துணியை வெட்டுவார்கள், துணியைப் பார்த்து ஆளை வெட்ட மாட்டார்கள்.

ஸ்கேல் கையிலேயே இருந்தது. கண் சோபாவுக்குப் பின்னால் போயிற்று. சும்மா பார்ப்போமே என்று ஷீல்டு போட்டோவைத் திருப்பி, வெள்ளை அட்டையின்மேல் ஸ்கேலை வைத்தாள். இடது பக்கம் வைத்தாள். வலது பக்கம் வைத்தாள். மறுபடியும் இடது பக்கம் வைத்தாள். பிறகு போட்டோவை இருந்த மாதிரியே சாய்த்து வைத்துவிட்டு, யாருமில்லாத வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் குணசேகர் பேப்பர் பாக்கெட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கொறையுதே" என்றான்.

"நீ போட்ட கணக்கு உனக்கே ஞாபகம் இருக்குதா?" என்றாள் அவள். இல்லை என்று ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா சாப்பாட்டுக்கு முன்னாலேயே அளந்துவிடலாம் என்றார். குணசேகர் தன் கடைசித் தாளை இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துகிற மாதிரி எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். நல்ல வேலைதான். பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை, கேக்கைத் தவிர.

அப்பா வெர்னியரை எடுத்தார். மேலே பன்னிரண்டு புள்ளி ஏழு. கீழே பன்னிரண்டு புள்ளி எட்டு. குணசேகரின் முகத்தில் வெளிச்சம் பரவியது. இடது பக்கம் பன்னிரண்டு புள்ளி ஏழு. வலது பக்கம், மேல் மூலையில் பன்னிரண்டு புள்ளி ஏழு. அப்பா வெர்னியரை அதே பக்கத்தில் கீழ் மூலைக்கு இறக்கினார். பதின்மூன்று புள்ளி நாலு.

"தாளு கோணலா உள்ள போயிருக்குது மாப்ளே. ரிஜெக்ட்."

குணசேகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்பா அதிகமாக ஆடவில்லை, அவ்வளவு நல்ல மனுஷர். சட்டைக் கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு, சோபாவுக்குப் பின்னாலிருந்து ஷீல்டு போட்டோவைத் தூக்கினார். ஆணியிலிருந்து சர்ச் கேலண்டரை அவரே கழற்றினார்.

"டாடி, ஒரு நிமிஷம்" என்றாள் ஜெனிஃபர், ரொம்ப நல்ல பிள்ளையாக. "இத அளக்கலியே?"

"இதையா? இது ஸ்டுடியோவுல போட்டது மா."

அவள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வந்து வாசித்தாள். "எதுவாக இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும். கீழ உங்க கையெழுத்து."

அப்பா சிரித்துக்கொண்டே போட்டோவை மேசைமேல் படுக்க வைத்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடிமேல் வெர்னியரை வைத்தார். இடது பக்கம் இருபத்தொன்று. வலது பக்கம் வைத்தார். சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வைத்தார். இருபத்து நாலு.

மூன்று மில்லி. முப்பத்து நாலு வருஷம் ஊரில் உள்ள எல்லாவற்றையும் அளந்த மனுஷர், தன் தலைக்குமேல் தொங்கிய இந்த ஒன்றை மட்டும் அளந்ததே இல்லை. அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அதில் இருப்பது அவராயிற்றே.

குணசேகர் மூச்சுவிடவில்லை. மௌரீன் தண்ணீர் டம்ளரை வாயருகே வைத்தபடியே நின்றாள். அப்பா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். அட்டை நகர்ந்துவிட்டது, ஃப்ரேம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று ஆயிரம் சமாதானம் இருந்தது. அவர் வெர்னியரை மூடினார்.

"ரிஜெக்ட்" என்றார், தன் முகத்தைப் பார்த்தே.

ஜெனிஃபருக்கு அந்த நிமிஷம் அப்பாமேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. திட்டத்தை இதோடு நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் ஆணி காலியாக இருந்தது. அவள் உள்ளே போய், பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த தன் போட்டோவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

"இதையும் அளந்துடுங்க டாடி."

இரண்டு தலைகள் குனிந்தன. இரண்டு வாய்கள் ஒன்றாகத் திறந்தன.

இதே சோபா. ஈஸ்டர் மத்தியானம். மைக்கேல்ராஜ் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு, மீசை மேலே பறக்கத் தூங்குகிறார். அவர் தோளில் குணசேகர் கன்னத்தை அழுத்தி வைத்து, உதட்டோரம் எச்சில் பளபளக்கத் தூங்குகிறான். சட்டைப்பையில் வெர்னியர் மின்னுகிறது. மாமனாரின் ஒரு கை, மாப்பிள்ளை விழுந்துவிடாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"ஜெனி, எச்சில் தெரியுது!" என்று குணசேகர் அலறினான்.

"இயல்பா இருக்குதே" என்றாள் அவள்.

மௌரீன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அப்பா வெர்னியரைத் திறந்தார். மேலே இருபத்தைந்து புள்ளி நாலு. கீழே இருபத்தைந்து புள்ளி நாலு. இடது பக்கம் மேல் மூலை, கீழ் மூலை. வலது பக்கம் மேல் மூலை, கீழ் மூலை. புள்ளி மூன்று, புள்ளி நாலு, புள்ளி நாலு, புள்ளி ஐந்து. ஒரு சுற்று முடித்துவிட்டு இன்னொரு சுற்று அளந்தார். குற்றம் கண்டுபிடிக்க அவர் அவ்வளவு பாடுபட்டு ஜெனிஃபர் பார்த்ததில்லை. மூன்றாம் சுற்றுக்கு வெர்னியரை வைத்தார், வைத்த கையை எடுத்துவிட்டார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எத்தனாவது தாளு?"

"ரெண்டாவது. மொதல்ல பிளேடு வழுக்கிடுச்சு." பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் அவளுக்கு வராது.

அப்பா தாளைத் திருப்பினார். சட்டைப்பையில் துழாவி நீலப் பென்சிலை எடுத்தார். பின்பக்கம், கீழ் மூலையில், நிதானமாக எழுதினார். ஓகே. எம்.ஆர். தேதி.

கணக்கில் தொண்ணூற்றாறுக்குக் கிடைக்காதது. சப்பாத்திக்கும் கல்யாணத்துக்கும் கிடைக்காதது. ஜெனிஃபருக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிக்கலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேலண்டரை மடித்தாள்.

கிளிப் வைத்து, ஆணியில் அவளே மாட்டினாள். உடனே இரண்டு ஆண்களும் கீழே நின்றுகொண்டு, இடது பக்கம் தூக்கு, இல்லை வலது பக்கம் இறக்கு என்று சண்டையை ஆரம்பித்தார்கள். அவர்கள் தலைக்குமேல் அவர்களே தோளில் தோள் சாய்த்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது அப்பா ஷீல்டு போட்டோவை எடுக்கப் போனார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"ரிஜெக்ட் ஆன சாமான் ஃபேக்டரிக்குத் திரும்பி வரலாமா? ஒரு தடவ தள்ளினத மறுபடி உள்ள சேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க."

அப்பா போட்டோவிலிருந்து கையை எடுத்தார். அந்தச் சட்டத்தை எழுதியவரே அவர்தான். பெட்ஷீட்டை மட்டும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். படியில் பாதி இறங்கியவர், நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஜென்னி, அதே போட்டோ எனக்கும் ஒண்ணு வெட்டி வையி மா. வீட்ல ஒரு ஆணி சும்மா இருக்குது."